விலை பேசாத போன்

கேட்டிருப்பவர் போடிநாயக்கனூர்க்காரர், வயது 27. அப்பாவின் பலசரக்குக் கடையை ஒட்டி ஏலக்காய், மிளகு, கிராம்பு பாக்கெட் போட்டு விற்கும் தொழிலைத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. அவருடைய கேள்வி சுருக்கமாக இது:

"மதுரை, கோவை, கொச்சி என்று ஒரே வருடத்தில் பதினொரு தொழில்முனைவோர் கூட்டங்களுக்குப் போனேன். 300 விசிட்டிங் கார்டு சேர்ந்திருக்கும். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. கூட்டத்தில் எல்லோரும் சிரித்துக் கை கொடுக்கிறார்கள், மறுநாள் யாரும் போன் எடுப்பதில்லை. எனக்குக் கூச்ச சுபாவம், மலையாளமும் அரைகுறை. கேரளத்து நெடுங்கண்டத்துத் தோட்டக்காரர் ஒருவர் மட்டும் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசினார். மகள் நர்சிங் படிக்கப் போகிறாளாம், அதைப் பற்றித்தான். அவரிடமும் அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். தொடர்பு வளர்ப்பது என்பதெல்லாம் நடிப்புதானா அக்கா? தொழிலில் நிஜமான உறவு உண்டா?"

தம்பி, உண்டு. 1996-ல் போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்குக் கணக்கு எழுதப் போனேன். 2013-லிருந்து சொந்தமாக வியாபாரம் செய்கிறேன். என் தொழிலைத் தாங்கி நிறுத்தியிருப்பவர்கள் பதினைந்து பதினாறு பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து இடுக்கியில். அவர்கள் யாரையும் நான் கூட்டத்தில் பிடிக்கவில்லை. இரண்டு பேரைக் கூட்டத்தில் முதலில் பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் பார்த்ததற்கும் பழக்கமானதற்கும் நடுவில் மூன்று வருடம் ஓடியிருக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே பதில் ஒளிந்திருக்கிறது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொரு கூட்டத்திலும் உங்களுக்குக் கிடைத்த ஒரே விளைச்சல் அந்த நெடுங்கண்டம்காரர்தான். மற்ற 299 கார்டையும் எண்ணி எடுத்து வைத்துவிட்டு, அந்த ஒருவரை விட்டுவிட்டீர்கள். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

கூட்டங்களில் ஏன் ஒன்றும் நடப்பதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு ஹாலில் 200 பேர் உட்கார்ந்தால் 200 பேரும் விற்க வந்தவர்கள். வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை. எல்லார் பையிலும் கார்டு இருக்கிறது, எல்லார் மனதிலும் தன் சரக்கு இருக்கிறது. எதிரில் நிற்பவர் பேசும்போதே நமக்கு அடுத்து என்ன சொல்வது என்ற யோசனை ஓடுகிறது. அதை நடிப்பு என்று சொல்ல மாட்டேன், அவசரம் என்பேன். வாரச் சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவினால் ஒருவர் குரலும் கேட்காது, அந்த மாதிரி.

அதற்காக மேலோட்டமான பழக்கம் எல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 1973-ல் மார்க் கிரானொவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்து நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களைக் கேட்டிருக்கிறார்: தகவல் சொன்ன ஆளை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று. அடிக்கடி பார்க்கும் ஆள்தான் என்று சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்கு. எப்போதாவது பார்க்கும் ஆள் என்றவர்கள் பாதிக்கு மேல். அரிதாகப் பார்க்கும் ஆள் என்றவர்கள் கால் பங்குக்கு மேல். காரணம் எளிது. நம் வீட்டாருக்கும் நெருங்கிய சிநேகிதருக்கும் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். புதுச் செய்தி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும். 2022-ல் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை ஐந்து வருடம் கவனித்து வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதே பக்கம்தான் நிற்கிறது. ஓரளவு தூரத்துப் பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவியிருக்கிறது. மிக நெருங்கியதும் அவ்வளவு உதவவில்லை, மிக மெலிந்ததும் உதவவில்லை.

நம் மலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காலை ஐந்து மணிக்குத் தேவாரம், கம்பம், போடியிலிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு (மலைக் கணவாய்) ஏறும் ஜீப் டிரைவருக்குத் தெரிவது எனக்குத் தெரியாது. எந்தத் தோட்டத்தில் தண்ணீர் வற்றிவிட்டது, காய் உலர்த்தும் ஸ்டோரில் யாருடைய அடுப்பு இந்த வாரம் எரியவில்லை, யார் தோட்டத்தைக் குத்தகைக்கு விடப் போகிறார், எல்லாம் அவர் காதில் விழும். அவர் எனக்கு நண்பரில்லை, பார்த்தால் தலையசைக்கிற பழக்கம். ஆனால் சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவருக்கு என் முகம் ஞாபகம் வர வேண்டும் இல்லையா? அவருடைய அம்மாவை மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அங்கே எந்தக் கட்டடம், எந்த நேரம் என்று நான் விசாரித்துச் சொன்னேன். செலவு ஒன்றுமில்லை, இரண்டு போன்தான். தூரத்துப் பழக்கம் வேலை செய்வது அப்படித்தான். உங்கள் 300 கார்டில் ஒருவருக்காவது உங்கள் முகம் ஞாபகம் வர ஒரு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு இந்தப் பாடம் படித்து வரவில்லை, என் பழைய முதலாளியைப் பார்த்து வந்தது. 2011 டிசம்பரில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று வழியிலும் போக்குவரத்து நின்றது. தோட்டத்திலிருந்த நம் ஆட்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கமிருந்த மலையாளிகளின் கடைகளுக்கும் பயம். இரண்டு பக்கமும் கேட்கவே கூசும் பேச்செல்லாம் ஓடியது. கடையில் வியாபாரம் இல்லை, எனக்கு எழுத வரவு செலவே இல்லை. முதலாளி மட்டும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து, அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். "சேட்டா, எல்லாரும் சௌகரியமா? பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதா?" அவ்வளவுதான். விலை இல்லை, சரக்கு இல்லை, வரவேண்டிய பாக்கி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அணையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அவருக்கு அதில் கருத்து இல்லாமல் இல்லை, அணை கட்டிய பென்னிகுயிக் படத்தைக் கடையில் மாட்டி வைத்திருந்தவர். ஆனால் அந்தப் போனில் அந்தப் பேச்சு இல்லை. வண்டன்மேட்டுத் தோட்டக்காரர் ஒருவர், எங்கள் கடை மூலமாக வேலைக்குப் போயிருந்த நான்கு குடும்பங்களைத் தன் வீட்டு முற்றத்து அறையிலேயே தங்க வைத்து, பால் முதற்கொண்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்.

பாதை திறந்த பிறகு எல்லோரும் எங்களிடம் திரும்பி வந்தார்கள் என்று சொன்னால் பொய். சிலர் போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் அந்த வண்டன்மேட்டுக்காரர் இன்றைக்கும் என்னோடு இருக்கிறார். முதலாளி காலமாகிவிட்டார். அவர் மகனோடு இல்லாத பழக்கம் கணக்கு எழுதிய என்னோடு இருக்கிறது, ஏனென்றால் அந்தப் போன்களில் பாதியைப் போட்டுக் கொடுத்தது நான், எடுத்துப் பேசியதும் பல நாள் நான். உறவு கடையின் பெயரில் ஏறுவதில்லை தம்பி, பேசிய ஆளின் பெயரில் ஏறுகிறது.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாருக்கு விலை பேச நான்கு போன் போடுகிறேனோ, அவருக்கு விலை பேசாத போன் ஒன்றாவது போட வேண்டும். 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடி வெயிலில் கருகிப்போனதே, அப்போது அந்தப் பக்கத்துக்காரர்களிடம் வாங்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. விற்க அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. பேச வேண்டிய நாள் அதுதான். செடி போய்விட்டால் புதிதாக நட்ட நாற்று காய்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த வருடங்களில் யார் போன் போட்டார்கள் என்பதை ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

அடுத்தது கெட்ட செய்தி. உறவு வளர்க்க நல்ல செய்தி வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தீபாவளி வாழ்த்து, ஓணம் வாழ்த்து, காலை வணக்கம் படம். அந்தப் படங்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, நீங்கள் அனுப்பாதீர்கள். என் அனுபவத்தில் ஒருவர் நம்மை நம்ப ஆரம்பிப்பது, நமக்கு நஷ்டம் தரும் செய்தியை நாமே முந்திக்கொண்டு சொல்லும் நாளில்.

2015-ல் கொச்சியில் மசாலா வியாபாரி ஒருவருக்கு 150 கிலோ ஏலக்காய் அனுப்பினேன். லாரி போன மறுநாள், அந்தக் காயை உலர்த்திய ஸ்டோர்க்காரர் பேச்சோடு பேச்சாக, "மழையில விறகு நனைஞ்சிருச்சு, சூடு சரியா ஏறலைக்கா" என்றார். வயிறு கலங்கியது. என்னிடம் மிச்சமிருந்த மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிக் குலுக்கினேன். நன்றாகக் காய்ந்த காய் கலகலவென்று பேசும், ஈரம் இருந்தால் ஊமையாக இருக்கும். ஊமையாகத்தான் இருந்தது. அப்படியே விட்டால் மூட்டைக்குள் பூசணம் பிடிக்கும், பச்சை நிறம் வெளுக்கும். அவர் கண்டுபிடிக்காமலும் போகலாம். கண்டுபிடித்தாலும் வழியில் நனைந்தது என்று சொல்லலாம். எனக்கு அந்த யோசனை வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் சரக்கு இறங்கும் முன்னால் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்பட்டார், பாராட்டவெல்லாம் இல்லை. பாதிச் சரக்கு திரும்பி வந்தது, லாரி வாடகை என் தலையில். எட்டு மாதம் ஒரு ஆர்டரும் இல்லை. பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டார். வேறொருவரிடம் போடியில் வாங்கப் போகிறாராம், சாம்பிளை நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "எனிக்கு உங்க சரக்கு வேண்டா, உங்க கண்ணு வேணும்" என்றார், பாதித் தமிழில். போய்ப் பார்த்தேன். நல்ல காய், வாங்குங்கள் என்றேன். அந்த வியாபாரம் எனக்கில்லை. அதற்கடுத்த வியாபாரமும் இல்லை. அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் இன்றுவரை நடக்கிறது.

வாக்கும் இப்படித்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி நிலைகுலைந்தது, அதற்கடுத்த கோடையில் மழை ஏமாற்றியது. காய் வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த ஏற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் திருநெல்வேலி இனிப்புக் கடைக்காரர் ஒருவருக்கு 60 கிலோ தருவதாகப் போனில் விலை சொல்லியிருந்தேன். காகிதம் இல்லை, முன்பணம் இல்லை. மூட்டை கட்டும் நாளில் விலை கிலோவுக்கு 900 ரூபாய் ஏறியிருந்தது. சொன்ன விலைக்கே அனுப்பினேன். 54,000 ரூபாய் அன்றைக்கு எனக்குப் பெரிய தொகை, இரவு தூக்கம் வரவில்லை. 2021 கடைசியில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தபோது, பேசி வைத்த விலையிலிருந்து ஒரு ரூபாய்கூட குறைக்கச் சொல்லாமல் எடுத்துக்கொண்டவர் அவர். அதே 2019-ல் அதே மாதிரி வாக்கைக் காப்பாற்றி நான் சரக்கு கொடுத்த இன்னொருவர், அடுத்த மாதமே வேறு கடைக்குப் போய்விட்டார். இரண்டும் நடக்கும். பலன் வருமா என்று பார்த்து வாக்கைக் காப்பாற்ற முடியாது.

இங்கே மொய் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கம் கல்யாண வீட்டு வாசலில் மேஜை போட்டு எழுதுகிறார்களே, பெயர், ஊர், தொகை. அதில் ஒளிவுமறைவு இல்லை. செய்தவருக்குத் திரும்பச் செய்ய வேண்டும், கூட ஒரு நூறு போட்டு. நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ குடும்பம் அதனால் எழுந்து நின்றிருக்கிறது. தொழில் கூட்டங்களில் நடக்கும் "நான் உனக்கு ஒரு வாடிக்கையாளர், நீ எனக்கு ஒரு வாடிக்கையாளர்" என்பதும் மொய்தான். அதைச் செய்யுங்கள், தப்பில்லை, ஆனால் அதையே உறவு என்று நினைத்தால் ஏமாற்றம் வரும். நம் பெரியவர்கள் சொல்வார்கள், நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று. சாவு வீட்டுக்குப் போகிறவர் திரும்ப வருமா என்று பார்த்துப் போவதில்லை.

இதில் அந்தப் பக்கத்து வழக்கத்தையும் தெரிந்துவைத்திருப்பது மரியாதை. நமக்குப் பதினாறாம் நாள் காரியம். கேரளச் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் நாற்பத்தொன்றாம் நாள் நினைவுப் பிரார்த்தனை முக்கியம். அடக்கத்தன்று ஊரே கூடியிருக்கும், நீங்கள் போனதுகூட அவர்களுக்குத் தெரியாது. நாற்பத்தொன்றாம் நாள் கூட்டம் குறைவு, அன்று மலை ஏறிப் போனால் வீட்டார் உட்கார வைத்துப் பேசுவார்கள். நோன்பு நாளில் பிரியாணிக்குக் கூப்பிடாதீர்கள். ஓண வாரத்தில் பாக்கி கேட்காதீர்கள். நம் வீரபாண்டித் திருவிழா வாரத்தில் அவர்கள் அவசர லோடு கேட்டால் நமக்கு எப்படி இருக்கும், அதே மாதிரிதான்.

அறிமுகம் செய்துவைப்பதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. கொல்லத்தில் கி.பி. 849-ல் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, கொடுத்த செப்பேடு இருக்கிறது, தரிசாப்பள்ளிச் செப்பேடு என்பார்கள். வேணாட்டு அய்யனடிகள் கொடுத்தது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் குழுக்கள் அதில் வருகின்றன. அந்தக் கொடையைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையது. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும், பஹ்லவி என்ற இடைக்காலப் பாரசீகத்திலும், எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. மொழி வேறு, சாமி வேறு, ஊர் வேறு. ஆனாலும் பெயரைப் போட்டுச் சாட்சி நின்றிருக்கிறார்கள். அறிமுகம் என்றால் அதுதான் தம்பி. ஒருவரை இன்னொருவரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்றால் அவருக்கு நாம் சாட்சி. அதனால் கேட்டவருக்கெல்லாம் கேட்ட நம்பரை அனுப்பாதீர்கள். முதலில் அந்தப் பக்கம் கேளுங்கள்: "இப்படி ஒருவர், இன்ன விஷயமாகப் பேச ஆசைப்படுகிறார், நம்பர் தரலாமா?" அப்புறம் இவரைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். "மூன்று தடவை வாங்கியிருக்கிறார், பணம் நாள் தவறவில்லை. கடன் கொடுத்துப் பார்த்ததில்லை." இந்த அளவு நேர்மையாகச் சொன்னால் உங்கள் சொல்லுக்கு விலை ஏறும்.

இனிக்கப் பேசுகிறவர்களிடம் நானும் ஏமாந்திருக்கிறேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் வடக்கே ஒரு பெரிய நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். "தீதி" என்பார் (இந்தியில் அக்கா), வீட்டில் சாப்பிட்டார், என் மகனுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தார். முதல் இரண்டு லோடுக்குப் பணம் சொன்ன நாளுக்கு முன்பே வந்தது. மூன்றாவது பெரிய லோடு, கடனில். அதற்கப்புறம் அந்த நம்பர் உயிரோடு இல்லை. அந்தக் காயத்தில் கற்றது ஒன்று: உறவு வேறு, கடன் வரம்பு வேறு. இரண்டையும் தனித்தனி நோட்டில் வைக்க வேண்டும். இன்று என் கூடப் பிறந்தவர் போலிருக்கும் ஆளுக்கும் பில் உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மெட்டு தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் சீட்டு) உண்டு, பணம் தரும் நாள் எழுத்தில் உண்டு. நல்ல சிநேகிதர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "நமக்குள்ள எதுக்கு பேப்பர்?" என்று கேட்கிறவரிடம்தான் எனக்குப் பயம்.

வாரம் ஒருமுறை கூடும் பரிந்துரைக் குழுக்களில் சேரலாமா என்றும் பலர் கேட்பதால் ஒரு வார்த்தை. 1985-ல் ஐவன் மைஸ்னர் அமெரிக்காவில் தொடங்கிய பி.என்.ஐ. மாதிரிக் குழுக்களில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாராவாரம் சந்திப்பு, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர் அனுப்ப வேண்டும். ஆடிட்டர், டைல்ஸ் கடை, வீட்டு உள்வேலை செய்பவர், இப்படி உள்ளூரிலேயே வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். வாராவாரம் ஒரே முகத்தைப் பார்ப்பதுதான் அதன் பலம். உங்கள் பாக்கெட் உள்ளூர்க் கடைகளுக்குப் போவதென்றால் ஒரு வருடம் பாருங்கள். தோட்டக்காரரும் மொத்த வியாபாரியும்தான் வேண்டுமென்றால் உங்கள் இடம் ஏல மையத்து வாசல். போடியிலும் இடுக்கிப் பக்கத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின்னணு ஏலம் நடக்கிறது. உள்ளே விலை கேட்க லைசென்ஸ் வேண்டும். வெளியே டீக்கடையில் நிற்க எதுவும் வேண்டாம்.

கூச்சம் என்கிறீர்கள். நான் பெண், கூட்டம் முடிந்து ராத்திரி விருந்துக்கு உட்கார்ந்து பேசுகிற வசதி எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. முக்கியமான பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும் என்று ஆரம்பத்தில் ஏங்கியிருக்கிறேன். பிறகு என் நேரத்தை நானே வைத்துக்கொண்டேன்: காலை பத்து மணி, ஏலம் தொடங்கும் முன். அப்போது எல்லோரும் சாம்பிளை உள்ளங்கையில் கொட்டி உருட்டிக்கொண்டு இருப்பார்கள், தலையில் பாரமில்லை. கூச்சமுள்ளவர்களுக்கு நான் சொல்வது, உங்களைப் பற்றிப் பேசாதீர்கள், கையிலிருக்கும் காயைப் பற்றிக் கேளுங்கள். "இது எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்குமா? நிறம் எப்படி இவ்வளவு நின்றது?" தொழில் தெரிந்தவரிடம் தொழிலைப் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால் பேசாதவர் இல்லை. கூச்ச சுபாவக்காரர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அந்த நெடுங்கண்டம்காரர் உங்களிடம் மட்டும் ஏன் அரை மணி நேரம் பேசினார் என்று நினைக்கிறீர்கள்?

மலையாளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். உடும்பன்சோலை, தேவிகுளம், பீர்மேடு பக்கம் தமிழ் புரியாத தோட்டக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நாம் தப்புத் தப்பாகவாவது நாலு வார்த்தை பேசினால் அவர்கள் முகம் மலரும். கூப்பிடும் முறையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பொதுவாக 'சேட்டா', பெண்களை 'சேச்சி'. முஸ்லிம் பெரியவர் என்றால் 'இக்கா'. கோட்டயம், பாலாப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவப் பெரியவரை 'அச்சாயா' என்பார்கள், அது நெருங்கிய பிறகுதான், முதல் நாளே வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர் வியாபாரம் பெரும்பாலும் சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும்தான் ஓடுகிறது. கடன் கொடுப்பதும் ஆளைச் சொல்வதும் "நம்ம ஆளா?" என்ற கேள்வியில் ஆரம்பிக்கிறது. அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, ஏமாற்றினால் கல்யாண வீட்டில் முகம் கொடுக்க முடியாது என்ற பயம் காவலாக நிற்கிறது. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்குக் கதவு அடைபடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரே செய்தியே சுற்றிச் சுற்றி வருகிறது. நான் வெளியே நின்றவள். எனக்குக் கதவு திறந்தது மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களால்தான், ஏனென்றால் அவர்களுக்கு என் சாதி தெரியாது, கணக்கில் நான் ஒருமுறையும் தப்பு செய்யவில்லை என்பது தெரியும். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ தெரியவில்லை. உள்ளே இருப்பவர் என்றால், வெளியே நிற்கும் ஒருவருக்காவது சாட்சி நில்லுங்கள்.

இனி உங்கள் 300 கார்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். முகம் ஞாபகம் வராத கார்டை எடுத்துப் போடுங்கள், வருத்தப்படாமல். முப்பது மிஞ்சலாம். அந்த முப்பது பேருக்கும் ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம்: எங்கே பார்த்தது, என்ன சொன்னார், அவருக்கு இப்போது என்ன கவலை. தேதி போட்டு எழுதுங்கள். மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், யாருக்காவது நீங்கள் சொல்லக்கூடிய செய்தி ஏதும் இருக்கிறதா என்று. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், வலிந்து பேச வேண்டாம். இனிமேல் கூட்டத்துக்குப் போனால் இரண்டு பேரிடம் மட்டும் பேசுவது என்று முடிவெடுத்துப் போங்கள். இரண்டு நாளுக்குள், அவர் சொன்ன ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு ஒரு வரி அனுப்புங்கள். உங்கள் விலைப்பட்டியல் அதில் இருக்கக் கூடாது.

நெடுங்கண்டம்காரரின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்த வாரமே போன் போடுங்கள். இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்பதற்குக் காரணம் எதுவும் தேட வேண்டாம், "அன்னைக்குப் பேசினது மனசுல இருந்துச்சு, கூப்பிடக் கூச்சமா இருந்துச்சு" என்று உள்ளதைச் சொல்லுங்கள். மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததா, எந்த ஊர், ஹாஸ்டலா என்று கேளுங்கள். மதுரைப் பக்கமோ தேனிப் பக்கமோ வந்திருந்தால், ஏதாவது அவசரமென்றால் நாங்கள் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று சொல்லுங்கள், உங்கள் அம்மாவின் நம்பரையும் கொடுங்கள். மலையில் மழை எப்படி என்று கேளுங்கள். காய் விலையை அவரே எடுத்தால் பேசுங்கள், நீங்களாக எடுக்காதீர்கள். பேசிவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள் தம்பி.